உடையவர் ஒருவரா, பலரா?



உங்கள் இல்லத்தில் ஒன்பதாம் வகுப்போ பத்தாம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால், அருகில் அழைத்து ஒரு தாளையும் பேனாவையும் கொடுங்கள். "தி பாய்ஸ் புக்ஸ்" என்று ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லி, ஒரு பையனுடைய புத்தகங்கள் என்னும் பொருளில் எழுதச் சொல்லுங்கள். பின்னர் அதே சொற்களை, ஒலியில் எவ்வித மாற்றமுமின்றி, மறுபடியும் சொல்லி, பல பையன்களுடைய புத்தகங்கள் என்னும் பொருளில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு முறையும் ஒன்றையே எழுதி நீட்டுவார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். காது கேட்டறிய இயலாத வேறுபாட்டைக் கை எழுதிக் காட்ட வேண்டும் என்பது எளிய கட்டளையன்று.

அந்த வேறுபாட்டைக் காட்டும் பொறுப்பு ஆங்கிலத்தில் ஒரு சிறு குறியின்மேல் சுமத்தப்பட்டிருக்கிறது. அப்பாஸ்ட்ரஃபி என்பது அதன் பெயர். காற்புள்ளியைத் தூக்கி, எழுத்துக்கு மேலே ஓரமாக வைத்தாற்போல் இருக்கும். இக்கட்டுரையில் அதனை மேற்குறி என்றே அழைப்போம். ஆங்கிலச் சொற்களையும் ஈண்டுத் தமிழெழுத்திலேயே தருகிறேன். ஒரு தாளை அருகில் வைத்துக்கொண்டு, அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தவாறே வாசித்தால் இன்னும் தெளிவாக விளங்கும்.

பாய் என்பது ஒருமை. அதன்பின் மேற்குறியும், அக்குறியின்பின் எஸ் எழுத்தும் வந்தால் பாய்'ஸ். ஒரு பையனுடைய என்று பொருள். பாய்ஸ் என்பது பன்மை. அந்த எஸ் எழுத்துக்கும் பின்னால் மேற்குறி மட்டும் வந்தால் பாய்ஸ்'. பல பையன்களுடைய என்று பொருள். குறியே இல்லாத பாய்ஸ், வெறுமனே பையன்கள். மூன்றும் ஒலியில் ஒன்றே. எழுத்தில்தான் மூன்றாகின்றன.

இதனை மனப்பாடம் செய்யச் சொல்லிப் பயனில்லை. பிள்ளைகள் "முன்னாலா, பின்னாலா" என்று தடுமாறுவர். தமிழ் அறிந்த பிள்ளைக்குத் தமிழைக் கொண்டே விளக்குதல் நன்று. மாணவர்களுடைய என்னும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மாணவர், கள், உடைய. முதலில் ஆள், அடுத்துப் பன்மை விகுதி, இறுதியில் உடைமை காட்டும் சொல்லுருபு. "மாணவருடையகள்" என்று எவரும் சொல்வதில்லை. ஆங்கிலமும் இதே வரிசையைத்தான் பின்பற்றுகிறது. உடையவர் யார், எத்தனை பேர் என்பதை முதலில் முழுமையாக எழுதி முடிக்க வேண்டும். அதற்கு அப்பால்தான் உடைமைக்குறி. பையன் ஒருவனென்றால் பாய் என்று எழுதி முடித்துவிட்டுக் குறி. பலரென்றால் பாய்ஸ் என்று எழுதி முடித்துவிட்டுக் குறி. குறிக்கு இடப்பக்கம் நிற்கும் சொல்லை மட்டும் படித்தால் உடையவர் எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும். இந்த ஒரு வழி தெரிந்தால் மற்ற விதிகள் யாவும் இதிலிருந்தே கிளைக்கும்.

பன்மையில் மேற்குறிக்குப் பின் இன்னுமோர் எஸ் ஏன் வருவதில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பாய்ஸ் என்பதன் இறுதியில் பன்மைக்குரிய எஸ் முன்னரே நிற்கிறது. மற்றோர் எஸ் சேர்ந்தால் பாய்ஸஸ் என்று நாக்கு இழுபடும். ஆகவே குறி தங்கி, எழுத்து விழுந்துவிடுகிறது. மதரஸாவில் நஹ்வு ஓதிய பிள்ளைகளுக்கு இது புதிதன்று. முஅல்லிமூன என்னும் பன்மைச் சொல்லை மத்ரஸா என்பதோடு இளாஃபத்தாகச் சேர்க்கும்போது இறுதி நூன் உதிர்ந்துவிடுகிறதல்லவா? நம் குழந்தைகளும் ஓதும் தப்பத் சூராவின் முதல் வசனத்தில், இரு கைகள் என்று பொருள்படும் சொல்லும் நூனை இழந்தே நிற்கிறது. இன்னும் ஓர் ஒற்றுமையைப் பாருங்கள். மத்ரஸாவின் ஆசிரியர் என்பதையும், மத்ரஸாவின் ஆசிரியர்கள் என்பதையும் எழுவாயாக அரபியில் சொன்னால், சேர்த்து வாசிக்கையில் இரண்டும் முஅல்லிமுல் மத்ரஸா என்றே காதில் விழும். எழுத்தில் ஒரு வாவு நிற்பதைக் கண்ணால் கண்டே பலர் என அறிகிறோம். அரபியில் நூனை இழப்பது உடைமைப் பொருளைக் குறிக்கும் முளாஃப். ஆங்கிலத்தில் எஸ் எழுத்தை இழப்பது உடையவரைக் குறிக்கும் சொல். இந்த வேற்றுமையை மனத்தில் கொண்டால் ஒப்புமை பயன் தரும்.

இக்குறியின் வரலாறு சுவையானது. பழைய ஆங்கிலத்தில் உடைமையைக் காட்டப் பல சொற்களின் இறுதியில் இ, எஸ் என்னும் இரண்டு எழுத்துகள் வந்தன. காலப்போக்கில் இ ஒலி தேய்ந்தது. பதினாறாம் நூற்றாண்டில், விடுபட்ட எழுத்தைக் காட்டும் அடையாளமாக மேற்குறி பிரெஞ்சு மொழி வழக்கிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்து சேர்ந்தது. இறுதியில் நிற்கும் எஸ் என்பது "ஹிஸ்", அதாவது "அவனுடைய" என்னும் சொல்லின் குறுக்கமே என்று அக்காலத்தில் நினைத்தவர்களும் உண்டு. பென் ஜான்சன் என்னும் நாடக ஆசிரியரின் நூலொன்று 1605ஆம் ஆண்டில் "செஜானஸ் ஹிஸ் ஃபால்" என்ற தலைப்பிலேயே அச்சாயிற்று. அப்படியானால் அரசியினுடைய என்பதை "அரசி அவனுடைய" என்றல்லவா சொல்ல நேரும்! பன்மைக்கோ இவ்விளக்கம் அறவே பொருந்தாது. பன்மை உடைமைக்கு எஸ் எழுத்தின் பின்னே குறியிடும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகுமே நிலைபெற்றது. ஆங்கிலேயரே தடுமாறித் தடுமாறி வந்தடைந்த விதி இது.

குறி நிற்கும் இடத்தால் வரலாறே தெரியவரும் என்பதற்கு இரண்டு கல்லூரிகள் சான்று. ஆக்ஸ்ஃபோர்டில் குவீன்'ஸ் கல்லூரி இருக்கிறது. 1341இல் நிறுவப்பட்ட அது, மூன்றாம் எட்வர்டு மன்னரின் துணைவியான ஃபிலிப்பா அரசியின் சிறப்பிற்காகப் பெயர் பெற்றது. அரசி ஒருவரே. ஆதலால் குறி எஸ் எழுத்துக்கு முன். கேம்பிரிட்ஜிலும் அதே ஒலியுடைய கல்லூரி ஒன்று உண்டு. அங்கே குறி எஸ் எழுத்துக்குப் பின், குவீன்ஸ்'. அதனை 1448இல் நிறுவியவர் ஆறாம் ஹென்றியின் துணைவி மார்கரெட். 1465இல் மீண்டும் ஆதரித்து நிலைநிறுத்தியவர் நான்காம் எட்வர்டின் துணைவி எலிசபெத் வுட்வில். இவ்விரு மன்னர்களும் ஒரே அரியணைக்காகப் போரிட்டவர்கள். பகைக் குடும்பங்களைச் சேர்ந்த இரண்டு அரசியரும் அந்த ஒரு குறிக்குள் அமைதியாக அமர்ந்திருக்கிறார்கள்!

கிரிக்கெட் பார்க்கும் இளைஞர்களுக்கு மற்றொன்று. லண்டனிலுள்ள லார்ட்'ஸ் மைதானம் பிரபுக்களுடையது என்று பலர் நினைப்பதுண்டு. குறி எஸ் எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. உடையவர் ஒருவரே. தாமஸ் லார்ட் என்பவர் 1814இல் இப்போதைய இடத்தில் அம்மைதானத்தைத் திறந்தார். லார்ட் என்பது அவருடைய குடும்பப் பெயர்.

"இவையெல்லாம் அறிவதற்கு நன்று. ஆயினும் ஒரு புள்ளியளவு குறியால் என்ன குடி முழுகிவிடப் போகிறது?" என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் நடந்ததொரு வழக்கைச் சொல்கிறேன். 2020ஆம் ஆண்டில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வீடு விற்பனை முகவர் ஒருவர், மற்றொரு முகவரைக் குறித்து ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு எழுதினார். கோடிக்கணக்கில் பெறுமானமுள்ள வீடுகளை விற்பவர், தம் ஊழியருக்குரிய ஓய்வுக்கால நிதியைச் செலுத்தவில்லை என்பது அதன் சாரம். ஊழியருடைய என்னுமிடத்தில் அவர் எம்ப்ளாயீஸ் என்று எழுதியிருந்தார். மேற்குறி எங்கும் இல்லை. பதிவு பன்னிரண்டு மணி நேரத்திற்குள் நீக்கப்பட்டுவிட்டது. எனினும் அவதூறு வழக்குத் தொடரப்பட்டது. எழுதியவர் தரப்போ, ஒரே ஊழியரைத்தான் கருதினேன், எஸ் எழுத்துக்கு முன்னால் வரவேண்டிய குறி விடுபட்டுவிட்டது என்றது. 2021 அக்டோபரில் அம்மாநில மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டது. ஓர் ஊழியருக்குச் செலுத்தாமல் விட்டது ஏதோ நேர்ந்துவிட்ட குறையாகத் தோன்றலாம், பலருக்கும் செலுத்தாமல் விட்டது என்றால் அது வேண்டுமென்றே செய்ததாகத் தோன்றும் என்பது நீதிபதி சுட்டிய வேறுபாடு.

வாசகர்களே, அந்த வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். ஒருவருடைய கூலி நின்றது என்பதற்கும், எல்லோருடைய கூலியையும் நிறுத்தி வைத்தார் என்பதற்கும் இடையே ஒரு மனிதருடைய மானம் தொங்குகிறது. பிறர் மானத்தைத் தொட்டு எழுதும் எழுத்தில் "நான் கருதியது வேறு" என்று பின்னர்ச் சொல்வது எத்தனை கடினம்! அங்கு குறி தவறான இடத்தில் நின்றதுகூட இல்லை. அறவே இல்லாதிருந்தது. குறியின்றி விட்டால் வாசிப்பவர் பன்மையாகவே கொள்வார்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் வாழும் நம்மவர்களுள் தங்கள் ஆவணங்களை ஆங்கிலத்தில் எழுதுவோர் பலர். ஒருவர் வஸிய்யத் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மகனும் மகளும் உண்டு. சகோதரர்கள் மூவர். முதல்வருக்குப் பெண்மக்கள் இருவர், அடுத்தவருக்கு மூவர், இளையவருக்கு ஒருவர். மகன் இருக்கையில் அப்பெண்கள் வாரிசாக மாட்டார்கள். ஆகவே சொத்தில் மூன்றில் ஒரு பாகத்திற்கு மேற்படாமல் அவர்களுக்கு வஸிய்யத் செய்வது கூடும். அவர் "மை பிரதர்ஸ்' டாட்டர்ஸ்" என்று எஸ் எழுத்தின் பின்னே குறியிட்டால் ஆறு பெண்களுக்கும் பங்கு. குறி எஸ் எழுத்துக்கு முன்னால் போய்விட்டால் ஒரே சகோதரருடைய பெண்மக்கள். எந்தச் சகோதரர்? எழுதியவர் கப்றுக்குப் போன பின்னர் யாரிடம் கேட்பது? தமிழில் எழுதியிருந்தால் சகோதரர்களின் என்னும் சொல்லில் "கள்" உரக்கச் சொல்லியிருக்கும். ஆங்கிலத்தில் வாய்விட்டு வாசித்துக் காட்டினாலும் சாட்சிகளின் காதுக்கு வேறுபாடு கேட்காது. இத்தகைய ஆவணங்களில் மேற்குறியை நம்பியிருப்பதைவிட, "தி டாட்டர்ஸ் ஆஃப் ஆல் மை பிரதர்ஸ்" என்று விரித்தெழுதி, பெயர்களையும் குறிப்பிட்டுவிடுவதே அறிவுடைமை என்பேன். இலக்கணம் கற்பிப்பவன் இலக்கணத்தைத் தவிர்க்கச் சொல்கிறானே என்று எண்ண வேண்டாம். ஆஃப் போட்டு விரித்தெழுதுவதும் இலக்கணமே.

கூட்டு வாணிபம் செய்வோருக்கும் ஒரு சொல். அஹ்மதும் இப்ராஹீமும் பங்காளிகளாக ஒரே கடை நடத்தினால் "அஹ்மத் அண்ட் இப்ராஹீம்'ஸ் ஷாப்". பின்னவர் பெயருக்கு மட்டும் குறி. இருவருக்கும் தனித்தனிக் கடைகள் என்றால் "அஹ்மத்'ஸ் அண்ட் இப்ராஹீம்'ஸ் ஷாப்ஸ்". குறியைக் கொண்டே கணக்கு ஒன்றா இரண்டா என்று சொல்லிவிடலாம்.

எஸ் சேராமல் உருமாறிப் பன்மையாகும் சொற்களில்தான் பிழை மலிந்திருக்கிறது. சைல்டு என்பதன் பன்மை சில்ட்ரன். அதிலே எஸ் இல்லை. ஆகவே சில்ட்ரன் என்று எழுதி முடித்து, மேற்குறியிட்டு, எஸ் சேர்க்க வேண்டும்: சில்ட்ரன்'ஸ். மென்'ஸ், விமன்'ஸ் என்பனவும் அவ்வாறே. சிலர் பன்மையாயிற்றே என்று எண்ணி விமன்ஸ்' என எஸ் எழுத்தின்பின் குறியிடுகிறார்கள். விமன்ஸ் என்றொரு சொல்லே இல்லை. இடப்பக்கச் சொல்லைப் படிக்கும் வழி இங்கும் கைகொடுக்கும். சென்னையில் 1955இல் தோன்றி, எஸ்.ஐ.இ.டி. விமன்'ஸ் காலேஜ் என்று நெடுங்காலம் வழங்கிய நம் மகளிர் கல்லூரி, பின்னர் நீதிபதி பஷீர் அஹமது சயீத் அவர்களின் பெயரைத் தாங்கியபோது "காலேஜ் ஃபார் விமன்" என்று அமைந்தது. குறி குறித்த கவலையே இல்லை.

அலுவலகப் பலகைகளில் "பாய்ஸ் ஹாஸ்டல்", "கேர்ள்ஸ் ஸ்கூல்" எனக் குறியின்றி எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். இதனை முற்றிலும் பிழை என்று தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. மாணவர் விடுதி என்னும்போது நாமும் உருபைத் தொக்க வைத்துத்தானே எழுதுகிறோம்? ஆறாம் வேற்றுமைத் தொகை என்று கொண்டாலும் சரி, மாணவர்க்கு விடுதி என நான்காவதாகக் கொண்டாலும் சரி. ஆங்கிலத்திலும் பெயரை அடைமொழியாக மட்டும் நிறுத்தும் வழக்கம் உண்டு. அமெரிக்காவில் 1954 முதல் இப்பெயரால் வழங்கும் வெட்டரன்ஸ் டே என்னும் அரசு விடுமுறைக்குக் குறியே கிடையாது. பலகைக்கு அது போதும். தேர்வுத்தாளுக்குப் போதாது. கடைகளில் பன்மைக்கே மேற்குறியிட்டு, ஃப்ரூட்'ஸ், டெய்லர்'ஸ் என்று எழுதுகிறார்களே, அதுதான் பொறுக்க முடியாதது. அங்கே எவரும் எதையும் உடைமையாகக் கொண்டிருக்கவில்லை. பழங்கள் பலவாக இருக்கின்றன, அவ்வளவே.

டீச்சர்ஸ்' டே என்பதில் குறி பின்னால். ஆசிரியர் யாவருக்கும் உரிய நாள். மதர்'ஸ் டே என்பதிலோ முன்னால். அந்நாளைத் தோற்றுவித்த அமெரிக்கப் பெண்மணி அன்னா ஜார்விஸ், ஒவ்வொருவரும் தத்தம் தாயை நினைக்க வேண்டும் என்பதற்காக ஒருமையே வேண்டுமென வலியுறுத்தினார். தமிழில் நாம் அதனை அன்னையர் தினம் எனப் பன்மையாக்கிவிட்டோம். அந்நாளைக் கொண்டாடுவது குறித்து நான் இங்கு பேச வரவில்லை. தாயின் காலடிக்கு ஆண்டில் ஒரு நாள் போதாது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

நம் பெயர்களில் அப்பாஸ், இத்ரீஸ், யூனுஸ், இல்யாஸ் என எஸ் ஒலியில் முடிவன பல. இவற்றைப் பன்மை என்று கருதி வெறுங்குறி இட்டுவிடுகிறார்கள். அப்பாஸ் ஒருவர்தானே? அப்பாஸ்'ஸ் ஹவுஸ் என்று மற்றோர் எஸ் சேர்ப்பதே தெளிவு. லண்டனில் செயின்ட் ஜேம்ஸ்'ஸ் பூங்கா அவ்வாறே எழுதப்படுகிறது. எஸ் சேர்க்காமல் குறி மட்டும் இடுவதை ஏற்கும் பதிப்பகங்களும் உள. ஒரு கட்டுரைக்குள் ஒரே முறையைக் கையாண்டால் போதும். அப்பாஸ் குடும்பத்தார் எல்லோருடைய வீடு என்றால் அப்பாஸஸ்' ஹவுஸ்.

மருமகளுக்கு ஆங்கிலத்தில் டாட்டர் இன் லா. இருவராயின் டாட்டர்ஸ் இன் லா. பன்மை முதற்சொல்லில் ஏறுகிறது, உடைமையோ இறுதியில் நிற்கிறது: டாட்டர்ஸ் இன் லா'ஸ். மருமகள்கள் ஒன்றுகூடிவிட்டால் இலக்கணமே சற்று விலகி நிற்கிறது போலும்!

விடுமுறைக் கடிதமும் வேலை விண்ணப்பமும் எழுதுவோர் கவனிக்க வேண்டியது காலப்பெயர்கள். ஒரு நாள் விடுப்பு ஒன் டே'ஸ் லீவ். இரண்டு நாள் விடுப்பு டூ டேஸ்' லீவ். வளைகுடா வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் ஃபைவ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் என்று எழுதுகிறார்கள். இயர்ஸ் என்பதன்பின் மேற்குறி வேண்டும். ஐந்தாண்டுகளுக்குரிய அனுபவம் அல்லவா? குறியிட அஞ்சினால் ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ் என்று எழுதிவிடலாம். வேலை ஒப்பந்தத்தில் ஒன் மன்த்'ஸ் நோட்டீஸ் என்றிருக்கிறதா, த்ரீ மன்த்ஸ்' நோட்டீஸ் என்றிருக்கிறதா என்பதைக் கையொப்பமிடும் முன் எண்ணோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

குர்ஆன், ஜும்ஆ போன்ற சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது இடையே ஒரு மேற்குறி வருவதைக் கண்டிருப்பீர்கள். அது ஹம்ஸாவையோ ஐனையோ காட்டுவது. உடைமைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பிள்ளைகளுக்குப் பயிற்சியாக ஐந்து தருகிறேன். என் பெற்றோருடைய வீடு, குழந்தைகளின் உணவு, இமாம்களின் மாநாடு, யூனுஸின் பேனா, மூன்று வாரகால விடுமுறை. இவற்றை ஆங்கிலத்தில் எழுதி, குறிக்கு இடப்பக்கச் சொல்லைத் தனியே வாசித்துச் சரிபார்க்கட்டும். அஃறிணைக்குரிய "இட்ஸ்" என்னும் சொல் உடைமையைக் காட்டியும் ஏன் மேற்குறியை ஏற்பதில்லை என்பதை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் காண்போம்.